நாற்பத்தொன்றாம் நிமிடம், இடது ஓரம்

ரொசாரியோவிலிருந்து கடிதம் வந்தது,
ஊதா மையில், கோடு போடாத தாளில்:
"நாற்பத்தொன்றாம் நிமிடத்தில்
என் கணவரைக் காணவில்லை.
நடனக் காட்சி. இடது ஓரம். சாம்பல் தொப்பி.
எழுபத்திரண்டில் தியேட்டரில் இருந்தார்.
உங்கள் டிஸ்க்கில் ஒரு முழங்கை மட்டும் இருக்கிறது.
நெலிதா ஒயர்சாபால்."

வெட்டியவன் நான்தான்.
ப்யூனஸ் ஐரிஸில் துணிக்கடைக்கு மேல்மாடி,
நாளைக்கு நாலு படம்.
அகலப் படத்தை டிவிக்குச் சதுரமாக்க
ஒரு பொத்தான் உண்டு.
எந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்கும்.
சாப்பிட்ட அசதியில்
இடது என்றேன்.

ஆற்றங்கரை இரவு கீரை கடைந்ததுபோல் வந்தது.
அதில் இருவர் முத்தமிடுகிறார்களா
சண்டை போடுகிறார்களா என்று
சரிபார்த்தவளுக்கே தெரியவில்லை.
அதைப் பற்றிக் கடிதத்தில் எதுவுமில்லை.
பின்பக்கத்தில் இது இருந்தது:
"அது வால்ட்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று.
நீங்கள் வேறெதையோ போட்டிருக்கிறீர்கள்.
எல்லோரும் நொண்டுகிறார்கள்."

பாட்டுக்கு மூன்று வாரிசுகள்.
இருவர் கையெழுத்துப் போட்டார்கள்.
மூன்றாமவர் மலாகாவில், போனை எடுப்பதே இல்லை.
ரமிரோ கீபோர்டில் இருபது நிமிடத்தில்
நாலு தட்டில் ஒன்றைச் செய்து தந்தான்.
கூலி ஒரு பீட்சா.
திரையில் நாற்பது ஜோடிக் கால்கள்
மூன்றுக்கு எழுந்து நாலுக்கு விழுந்தன.
பார்த்தோம். சிரித்தோம். அனுப்பிவிட்டோம்.

உரிமம் வெள்ளிக்கிழமை முடிகிறது.
அப்புறம் அந்தச் சுருளை நான் தொட்டாலே திருட்டு.
வியாழன் இரவு காவலாளிக்குச் சிகரெட் கொடுத்துவிட்டு
விளக்கு மேசையில் விரித்தேன்.
இருந்தது தொப்பி. சாம்பல்தான்.
தொப்பிக்குக் கீழே மீசை, பாதி கிளாஸ் ஒயின்,
யாரிடமோ சிரிக்கும் வாய்.
சுருளின் ஓரமும் சேர்த்துப் படமெடுத்து,
இரண்டு அச்சுப் போட்டு,
ஒன்றைத் தபாலில் சேர்த்தேன்.
கடனடைத்தவன் மாதிரி தூங்கினேன்.

பத்து நாளில் பதில்:
"நன்றி. இவர் குழாய் ரிப்பேர் லெயாந்த்ரோ.
இவரும் தொப்பி போடுவார்.
எவாரிஸ்தோ இவருக்கு இடப்பக்கம்.
இவர் சிரிப்பது அவரிடம்தான்."

இன்னொரு அச்சை எடுத்துப் பார்த்தேன்.
லெயாந்த்ரோவுக்கு இடப்பக்கம்
படம் முடிந்துவிடுகிறது.
அடுத்து ஒலித்தடம், விரலகலம்கூட இல்லை.
அதில் வால்ட்ஸ்,
யார் கையெழுத்துக்கும் காத்திராமல்
வெள்ளையாய் நடுங்கிக்கொண்டிருந்தது.
அதற்கப்பால் துளைகள்.