பெமிலிக்

காரைக்குடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின்
கணினிப் பட்டியலில் அசோக் லேலண்டு இருக்கிறது
ஆடி இருக்கிறது
பெரோடுவா இல்லை.

ரெத்தினாவதி மேடம் மூன்று முறை
மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு
கடைசி வரியில் வந்து நின்றார்.
"மற்றவைன்னு போட்டுரட்டுமா?"

போடுங்கள் என்றேன்.
ஈப்போவிலிருந்து வந்த இந்த எட்டு மாதத்தில்
கேஸ் இணைப்புக்கும் வங்கிக்கும்
நானும் அந்த வரிதான்.

கணக்கை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.
சென்னைத் துறைமுகத்தில் கட்டிய தீர்வைக்கு
இங்கே இரண்டு புதுக் கார் எடுக்கலாமாம்.
தம்பி சொன்னான். ஆடிட்டர் சொன்னார்.
கன்டெய்னரைத் திறந்த பையன்கூட
ஒரு சுற்றுச் சுற்றி வந்து
"இதுக்கா?" என்றான்.

சின்னக் கார்தான். கதவில் நசுங்கல் வேறு.
அந்த நசுங்கலும் என்னுடையது:
ஐம்பத்திரண்டு வயதில்
விவாகரத்துத் தீர்ப்பு வந்த மாதம்
ஓட்டக் கற்றுக்கொண்ட ஒன்பதாம் நாள்
மார்க்கெட்டுத் தூண்.

கிராண்ட் மலாயில் இருக்கிறதென்று
இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள்.
மூன்றாம் தரம் ஆய்வாளர் அமலதாஸ்
ஒரு சொல்லின்மேல் விரல் வைத்துக் கேட்டார்.
பெமிலிக்குன்னா என்ன?
உரிமையாளர்.
யாரு, சாரா?
நான்.
அவர் என்னைப் பார்த்தார்
பிறகு காரைப் பார்த்தார்
பிறகு நசுங்கலை.

தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
"எதையாச்சும் எழுதுங்கம்மா,
காரு கேக்கலை, கம்ப்யூட்டரு கேக்குது"
என்றார் புரோக்கர் சாகுல்.
அப்பா பெயரை எழுதினேன்.
பினாங்கு வட்டிக்கடையில் நாற்பது வருஷம்
அடுத்தவர் சொத்துக்குப் பேரேடு எழுதியவர்.
சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது அவருக்கு.

சேஸிஸ் எண்ணுக்குப் பென்சில் அச்சு வேண்டும்.
வேப்பமரத்தடியில், கொதிக்கிற இரும்பின்மேல்
சாகுல் தாளை இழுத்துப் பிடிக்க
நான் தேய்த்தேன்.
கரிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய்
ஒவ்வோர் எழுத்தும் எழுந்து வந்தது.
"பிளேட்டு எத்தனை தரம் வேணாலும் மாறும்.
இது வண்டி பொறந்தப்ப அடிச்சது.
யாரு வீட்டுக்குப் போனாலும் இதுதான்."
அவர் காரைப் பற்றித்தான் சொன்னார்.
நான் இன்னொரு தாள் வாங்கி
தேவையில்லாமல் இன்னோர் அச்சு எடுத்துக்கொண்டேன்.

புது எண் வந்த அன்று
பழைய பலகையில் நான்கு திருகாணி,
ஒன்று துருப்பிடித்து வரமாட்டேனென்றது.
தேங்காயெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
கறுப்பில் வெள்ளை எழுத்துப் போய்
வெள்ளையில் கறுப்பு எழுத்து:
டி.என். அறுபத்து மூன்று.
எனக்கு முந்தி
என் கார் இந்த ஊராகிவிட்டது.

பள்ளத்தூர் வீட்டில் என் பங்கு
இருபத்தாறில் ஒன்று.
இரண்டாம் கட்டில் ஓர் அறை
அதற்கெதிரே ஒரு தூணில் பாதி.
மீதித் தூண் சிட்னியில் இருக்கிறது.
ஓர் ஓடு உடைந்தால்
பதினொரு நாட்டுக்குக் கடிதம் போட வேண்டும்.
முகப்பு வாசலில் கார் நிறுத்தக் கேட்டேன்
ஆறு பேர் சரியென்றார்கள்
மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.
ஊரணிக் கரையில் நிற்கிறது.

நேற்று பெத்தபெருமாள் அண்ணன்
குன்றக்குடிக்கு வருகிறேனென்று
கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.
டாஷ்போர்டைத் தடவினார்.
கதவுப் பையில் கைவிட்டுப் பார்த்தார்.
"ஆச்சி, இதுல யார் யாரு பங்கு?"

பங்கில்லை அண்ணே.

"அப்ப, பூராவுமா?"

பெல்ட்டு போடுங்க என்றேன்.
அதெல்லாம் நமக்கு எதுக்கு என்று
வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.
குன்றக்குடி வரைக்கும்
கார் அவரைப் பார்த்துக்
கத்திக்கொண்டே வந்தது.
நான் நிறுத்தவில்லை.