லிட்டருக்கு இரண்டு கிராம்

ஜாடெட்ஸ் ஊரில் ஆகஸ்ட் கடைசி.
ஏழு மீட்டர் உயரக் கம்பிகளிலிருந்து
ஹாப்ஸ் கொடிகளை அறுத்து இறக்குகிறார்கள்.
பரிசோதனைக்கூடத்துச் சன்னலை மூடினாலும்
கசப்பு உள்ளே வந்துவிடுகிறது,
சொல்லாமல் வரும் சொந்தக்காரன் மாதிரி.

முதலாளி ஹோரினா மூன்றாம் முறையாகப் படியேறி வருகிறார்.
"நார்ச்சத்து இருக்கிறதுதானே, டிரஹோமீரா?
அந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானும்?
இருக்கிறது என்று ஒரு வரி போதும்.
புட்டியில் ஒட்ட, சின்னதாய்."

இருக்கிறது.
வாற்கோதுமையின் சுவர்கள் வெந்நீரில் இளகி
கண்ணுக்குத் தெரியாத இழையாய் இறங்கியிருக்கின்றன.
லிட்டருக்கு இரண்டு கிராம்கூட வரவில்லை.
நான்கு முறை எடை பார்த்தேன்,
நான்காவது முறை அவருக்காக.

துவர்ப்பு வேறு கதை.
எந்திரம் சொல்வதற்கு முன்பே
நாக்கின் ஓரம் அதைச் சொல்லிவிடும்.
உமியிலிருந்து பாதிக்கு மேல்,
மீதி பூவிலிருந்து.
சோதனைக் குழாயில் நீலம் ஏறும்போது
இருபது வருடம் கழித்தும் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி,
யாரோ என்னை ஒத்துக்கொண்டதுபோல.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்.
சரி, மணக்கட்டும்.
ஆனால் இங்கே நார் பெரும்பாலும்
பூவைச் சந்திப்பதே இல்லை.
ஹாப்ஸ் விழும் கொதிகலனுக்கு முன்பே
அதை வடித்தெடுத்து, ஆவி பறக்க,
டிராக்டரில் ஏற்றிவிடுகிறோம்.
கொனோபாசெக் பண்ணைப் பசுக்கள்
டிராக்டர் சத்தத்துக்கே வேலிக்கு வந்து நிற்கும்.

போன வாரம் தம்பி ஓட்டகர் தொலைபேசியில்:
"அக்கா, எனக்கொரு சான்றிதழ் கொடு,
டாக்டரிடம் காட்டுகிறேன்."
அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகி ஒன்பது மாதம்.
நான் சிரிக்கவில்லை என்பது
அவன் சிரிப்பில் அவனுக்குக் கேட்கவில்லை.

படிவத்தை நிரப்பினேன்.
நார், ஒன்று புள்ளி எட்டு கிராம்.
துவர்ப்புச் சேர்மங்கள், இருநூற்றுச் சொச்சம் மில்லிகிராம்.
முதலாளி கேட்காத கட்டம்:
ஆல்கஹால், நாற்பது கிராம்.
மூன்றும் ஒரே அளவு எழுத்தில் வேண்டும்,
இல்லையென்றால் என் கையெழுத்து கிடையாது.

வாங்கிக்கொண்டு இறங்கினார்.
படியில் அவர் காலடி இரண்டு இடத்தில் நின்றது.

மாலை. சைக்கிள்.
வேலியோரம் ஒரு செம்பசு,
முகமெல்லாம் ஈரச் சக்கை.
பையிலிருந்த பேரிக்காயை நீட்டினேன்.
முகர்ந்துவிட்டு
மறுபடி தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது.
தோலோடு நானே கடித்தேன்.
பைக்குள் தொலைபேசி அதிர்கிறது.
ஓட்டகராக இருக்கும்.
வாயில் இருப்பதை
மென்று முடிக்க வேண்டும் முதலில்.