பதினாலு

ஆறு மணிக்குக் கொடியசைப்பதாகத்தான் சொன்னார்கள்.
பிரதம விருந்தினர் வந்து
மாலைக்குக் கழுத்து நீட்டியபோது
ஒன்பது இருபது.
கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பில்
அதற்குள் கை வைக்க முடியவில்லை.

நான் நாற்பத்தேழாம் இலக்கம்.
வெல்வதற்கென்று வைத்திருக்கும் ஆள் இல்லை.
வெல்வது மிதுலன்;
நான் பின்னுக்குப் போய்
அணியின் காரிலிருந்து தண்ணீர் வாங்கி வருபவன்.
முதுகுப் பைகளில் ஆறு போத்தல்
நெஞ்சுக்குள் இரண்டு,
நாய்க்குட்டி களவெடுத்தவன்போல.

களுவாஞ்சிகுடி தாண்டத் தார் இளகியது.
சில்லு சுற்றச் சுற்ற
காயத்திலிருந்து பிளாஸ்டர் உரிக்கிற சத்தம்.
கல்முனையில் நஜாத் சேர்
மீன்வாடியில் வாங்கிய ஐஸை
பழைய காலுறையில் கட்டி எறிந்தார்.
பிடரியில் செருகினேன்.
காரைதீவு வரை சூரை மீன் வாசத்தோடு ஓடினேன்.
ஒரு பூனை மட்டும்
மதிலில் எழுந்து நின்று பார்த்தது.

வலது காதில் கச்சான்.
வறுத்து விற்கிற கொட்டைக்கும்
இதே பேரை வைத்தவன்
ஒருநாளாவது இந்தக் காற்றில் சைக்கிள் ஓடியிருப்பான்.
அதற்கு ஒளிய
ஒருவன் தோளோரம் ஒருவனாக
எல்லோரும் இடப்பக்கம் சரிந்தோம்.
நிந்தவூர் கழிய
இடப்பக்கத்தில்
நெல்.

அரைத் தெருவுக்கு, கண்ணெட்டும் தூரத்துக்கு,
காய்கிற நெல்.
காற்றுக்கு ஒதுக்கு அதன்மேல்தான் இருந்தது.
முதலில் மூன்று பேர் சறுக்கி விழுந்தார்கள்.
மூன்றாவது மிதுலன்.

தலையில் துவாயோடு
காலால் நெல்லைக் கீறிக்கொண்டிருந்தவள்
நெல்லைத்தான் முதலில் பார்த்தாள்.
நான் இறங்கி
அவன் முழங்காலுக்குப் போத்தலைத் திறந்தேன்.
"ஊத்தாதீங்க மனே!
பதினாலுக்கு வரோணும்,
இன்னும் பதினேழில நிக்குது.
இந்த வெயில் போனா
மில்காரன் கிலோக் கணக்கில கழிப்பான்."

இந்த வெயில் போனா.
பாலத்திலிருந்து நான் நேர்ந்துகொண்டு வந்ததும்
அதே மூன்று சொல்தான்.

மிதுலனைத் தூக்கி
காற்றடிக்கிற பக்கம் இருத்திக் கழுவினேன்.
அவள் வந்து குந்தி
அவன் தோலில் புதைந்த மணிகளை
நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.
இரத்தம் படாதவற்றைத்
திரும்பப் போட்டாள்.
கேட்காமலே ஒரு போத்தலை எடுத்து
அண்ணாந்து, பாதியைக் குடித்து,
மீதியைத் தன் துவாயில் ஊற்றிக்கொண்டாள்,
நெல்லுக்கு வெகுதூரம் தள்ளி நின்று.

அக்கரைப்பற்று, தம்பிலுவில், கோமாரி.
தெரு முழுக்க இல்லாத தண்ணீர் மினுங்கியது.
மிதுலன் பத்தொன்பதாவது. நான் எண்ணவில்லை.

பொத்துவிலில் டொக்டர் நுஸ்ரத்
தராசில் ஏறச் சொன்னார்.
காலையில் அறுபத்தொன்று.
இப்போது ஐம்பத்தேழரை.
பதினாலுக்கு வந்திட்டனா டொக்டர், என்று கேட்டேன்.
அவர் என் கண்ணிமையை விரித்துப் பார்த்து
தாதியைக் கூப்பிட்டு
இன்னொரு சேலைன் போடச் சொன்னார்.