எழுபத்தொன்று

தராசை இடுப்பில் சுமந்து வந்தவள் குனி சிகாகா.
இரண்டு ஓடை, ஒரு மலைச்சரிவு.
"நீ விழுந்தாலும் அது நனையக் கூடாது" என்று
பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது நான்.
பதினொரு பெண்கள், வாரம் பத்து ரூபாய், ஒரு வருடம்.
பிள்ளை பெற்றவளைக்கூட
இப்படி யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

ராயகடாவில் வாங்கியது. மின்சாரம் குடித்து
சிவப்பில் எண் காட்டும்.
முள் கிடையாது.
எங்களுக்கு முள்ளோடுதான் பழக்கம்,
எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
எங்களைத்தான் குத்தும்.

நம்பலாமா என்று முதலில் உப்பை வைத்தோம்.
பொட்டலத்தில் ஒரு கிலோ, தராசிலும் ஒரு கிலோ,
பைக்கு ஐந்து கிராம்.
பிறகு சேவல்.
பிறகு சிந்தேயின் மகள்:
அங்கன்வாடி அட்டையில் இருந்ததைவிட முந்நூறு கிராம் கூட.
சிந்தே அவளை மூன்று தடவை நிறுத்தாள்.

பிறகு புளி.

விளிம்புவரை ஒரு கூடை. எல்லா வருடமும் இதே கூடை,
இதே விளிம்பு.
சந்தையில் பதினெட்டு.
இங்கே இருபத்துநான்கு.

கூடைக்கு ஆறு கிலோ, கோடைக்கு எத்தனை கூடை,
கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனை கோடை என்று
ஒருத்தி எண்ணத் தொடங்கினாள்.
கைவிரல் தீர்ந்து கால்விரலுக்கு வந்தபோது
போதும் விடு என்றேன்.

புதன்கிழமை சந்தையில் சௌகார் சிரித்தார்.
"இயந்திரத்துக்கு வெயில் ஏறிவிட்டது."
"அப்படியானால் நீங்களே ஏறிப் பாருங்கள்" என்றாள் சிந்தே.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.
அவருக்கும் ஆசைதான்.
எழுபத்தொன்று.
"சரியாகத்தான் காட்டுகிறது, போன வாரம் டாக்டரும் இதையேதான்..."
வாய் பாதியில் நின்றது.
முதலில் சிரித்தவன் எதிர்த்த துணிக்கடைக்காரன்.

தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.
எடை இருபத்துநான்கு, ஒப்புக்கொண்டார்.
விலையை முப்பத்திரண்டிலிருந்து
இருபத்துநான்குக்கு இறக்கினார்.
குனி மண்ணில் குச்சியால் பெருக்கிப் பார்த்தாள்.
முன்பு வாங்கிய அதே ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.
அவர் படித்தவர்.

ரூபே மண்டங்கி விற்றுவிட்டாள்.
மகனுக்குக் காய்ச்சல், ஊசிக்குப் பணம் வேண்டும்.
அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மற்ற பத்துப் பேரும் கூடையைத் தலைக்கு ஏற்றினோம்,
வந்த வழியே, மேட்டில்.
இருபத்துநான்கு கிலோ என்றால் எவ்வளவு என்று
கழுத்துக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.
கழுத்தைத்தான்
நாங்கள் கேட்கவில்லை.

பத்து இரவு கொட்டை எடுத்தோம்.
நகக்கண்ணில் புளி ஏறி, சோறு பிசைய முடியாமல்
குனி கரண்டியால் சாப்பிட்டாள், துரைசானி மாதிரி.
கொட்டை நீக்கிய புளிக்குப்
பார்வதிபுரத்தில் என்ன விலை என்று
லாரி ஓட்டும் ஜிலு வடகா போனில் சொன்னான்.
இரண்டு பேரிடம் விசாரிக்கச் சொல்லி
மறுபடி கூப்பிட வைத்தோம்.
ஜீப் வாடகை எண்ணூறு. தலைக்கு எண்பது.
விடிந்தால் வண்டி.

தராசு பள்ளிக்கூடத்தில் சார்ஜ் ஏறுகிறது,
ஊரில் அங்கே மட்டும்தான் மின்சாரம்.
காவலுக்கு ரூபே படுத்திருக்கிறாள்.
நாளைய மூட்டைகளில் அவளுடையது இல்லை,
ஆனால் தராசில் அவளுடைய பத்து ரூபாய்கள் இருக்கின்றன.

இன்று சாயங்காலம் மகனைத் தூக்கி நிறுத்தாளாம்.
பதினாறு கிலோ எழுநூறு.
காய்ச்சலில் எவ்வளவு போயிற்று என்று கேட்டேன்.
தெரியாது என்றாள்.
இதற்கு முன்னால்
அவனை யாரும் நிறுத்ததில்லை.