தணிக்கைக் குறிப்பு ஏழுக்கு விளக்கம்

ஐயா,
இருப்பில் குறைவதாகத் தாங்கள் எழுதியிருக்கும்
பதினெட்டு லிட்டர் எரிசாராயத்தை
யாரும் குடிக்கவில்லை.
உதவியாளர் எத்திராஜுலுவின் வாயை
இரண்டு முறை மோந்து பார்த்தீர்கள்.
அன்று அவர் வாயில் இருந்தது கிராம்பு.
கடைவாய்ப் பல் வலி.

குடித்தது காற்று.
கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் கட்டடம்.
துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரி
ஒவ்வொன்றும் நகரும்போது
அலமாரி ஒருமுறை நடுங்கும்.
மூடியின் மெழுகில் மயிரளவு கீறல் விழும்.
அது போதும்.
கடல் அட்டையின் முதுகு
ஒரு விரல் அளவு வெளியே தெரிந்துவிட்டால்
ஒரே கோடையில் கறுத்து, காய்ந்த புளியாகிவிடும்.
ஆகவே ஊற்றினோம்.
இன்று காலையும் ஊற்றினோம்.

வரிசை எண் 212.
"காலி ஜாடி, கழித்துவிடலாம்" என்று
சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்.
காலி இல்லை, ஐயா.
மாலை நாலரைக்கு வாருங்கள்,
மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கும் நேரம்.
ஜாடியைத் தூக்கிப் பிடித்து
மெல்லக் கால்வட்டம் திருப்புங்கள்.
தண்ணீருக்குள் தண்ணீர் மடிந்தாற்போல
ஒன்று அசையும்.
சொறி. காசிமேட்டு இழுவைவலையில் ஏறியது.
சாராயத்தில் சுருங்கிவிடும் என்பதால்
அது மட்டும் ஃபார்மலினில்.
அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கிய பையன்
பொழுது சாயும்வரை அழுததாகப் பதிவேட்டில் இருக்கிறது.
பையனின் பெயர் இல்லை.

340 முதல் 356 வரை:
"கண்டெடுத்த இடம் சரிபார்க்க இயலவில்லை."
உண்மைதான். நானும் போய்ப் பார்த்தேன்.
அட்டையில் இருப்பது, எண்ணூர்க் கழி, தென்கரை,
முழங்கால் ஆழம், சேற்றில் ஆளித் திட்டு.
அங்கே இப்போது சேறும் இல்லை, ஆழமும் இல்லை.
சாம்பல்மேல் நடந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
செருப்பின் கம்பெனிப் பெயர்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.
பதினேழு ஆளிகளும் இங்கே பத்திரமாக இருக்கின்றன.
இடம்தான் இருப்பில் இல்லை.
அதைக் கழிக்க எந்தப் படிவம் என்று
தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒரு திருத்தம்.
பதினெட்டில் அரை லிட்டர் நான் எடுத்தது.
கழியில் எண்ணெய் பரவிய டிசம்பரில்
நண்டு பிடிக்கும் ஒருவர் முட்டிவரை கறுப்பாக
எங்கள் வாசல் குழாயடியில் வந்து நின்றார்.
பஞ்சில் நனைத்துத் துடைத்தேன்.
எண்ணெய் போகவில்லை.
தோல்தான் எரிந்தது.
"வுடு மேடம்" என்று சொல்லிவிட்டு
பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.
அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக 611, இந்த ஆண்டு வரவு.
ஏலக்கூடத்துக்கு வெளியே கழிசல் பிரிக்கும் தேசம்மாள்
"இன்னா மேடம், இத்தப் போயி பாட்டில்ல வெச்சினுகீறே,
இத்த யாரு துன்னுவா?"
என்று சிரித்துக்கொண்டே கொடுத்தது.
சன்னியாசி நண்டு.
சங்கு கிடைக்காமல்
கூந்தல் தைலப் புட்டியின் பச்சை மூடிக்குள் குடியிருந்தது.
மூடியின் மரைக்குத் தோதாக
வயிற்றைச் சுருட்டி வைத்திருந்தது.
மூன்றே வாரத்தில் நண்டின் நிறம் போய்விட்டது.
மூடி அப்படியே பச்சை.
எந்தத் தலைப்பில் ஏற்றுவதென்று தெரியாமல்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

கொண்டுவந்தவர் கட்டத்தில்
வே. தேசம்மாள் என்று அவரே கையெழுத்திட்டார்.
பேனாவோடு விரலிலிருந்த செதில் ஒன்றும்
தாளில் இறங்கி ஒட்டிக்கொண்டது.
கறை என்று தாங்கள் வட்டமிட்டிருப்பது
அதைத்தான்.
சாய்த்துப் பார்த்தால் இன்னும் மின்னும்.

அடுத்த ஆண்டுக்கு இருபத்திரண்டு லிட்டர்
ஒதுக்கித் தரவும்.
லாரிகள் கூடியிருக்கின்றன.

இப்படிக்கு,
ப. சகாயராணி,
பொறுப்புக் காப்பாளர், முதுகெலும்பற்றவை பிரிவு,
ராயபுரம்.