நூற்றுக்குப் பத்தொன்பது

இரண்டு கறுப்புப் பட்டிகள்.
மணிக்கூடு மாதிரி, ஆனால் மணி காட்டாது.
வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று.
ஐந்து நாள் கட்டியிருக்க வேண்டும்,
குளிப்பாட்டக் கழற்றினால்
நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்றார்
பேராதனை ஆஸ்பத்திரி இனோகா மிஸ்.
கொப்பியில் முதல் வரி:
செவ்வாய், ஆறே கால். நான் பெரட்டுக்கு.
மிதுஷா பிள்ளைமடுவத்தில்.

நொடிக்கு முப்பது தரம் கேட்குமாம் அது,
அசைந்தாயா, அசைந்தாயா என்று.
என்னை நாளைக்கு மூன்று தரம்தான் நிறுக்கிறார்கள்.

கட்டைவிரலை உள்ளே பூட்டிவைத்த
அவளுடைய இடது முட்டி
மிஸ்ஸுக்கு முன்னால் மரக்கட்டையைத் தூக்கும்,
மெதுவாக, முழங்கை நடுங்க.
வீட்டுக்கு வந்தால் மடியில் கிடக்கும்.
சட்டைப் பொத்தானைப் பல்லால் பிடித்து
வலக்கையால் போடுவாள்.
முடிவது வேறு, செய்வது வேறு என்றார் மிஸ்,
அந்தச் செய்வதைத்தான் எண்ணப் போகிறோம்.

எண்ணினார்கள்.

திரையில் இரண்டு மலை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.
நீலம் ஏறக்குறைய வயல்.
ஓரிடத்தில் மட்டும் இரண்டும் ஒரே உயரம்.
மிஸ் சந்தோஷப்பட்டார். நான் கொப்பியைப் பார்த்தேன்:
வெள்ளி, கிளினிக் துண்டு மாற்ற நாவலப்பிட்டி போனது.
கினிகத்தேனை வளைவுகளில்
பஸ் குலுக்கிய குலுக்கு அது.
வியாழன் பின்னேரம் இடக்கை மரம் ஏறியிருந்தது.
அதற்கும் பதில் இருந்தது என்னிடம்:
பக்கத்துக் காம்பரா கவிஷான்
"ஒருக்கா தாங்க அக்கா" என்று வாங்கிக் கட்டி
கொய்யா பறித்துவிட்டு வந்தான்.

பஸ்ஸைக் கழித்தார். கொய்யாவைக் கழித்தார்.
தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ
கழித்தே பழகிய எனக்கு
அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை.
மிச்சம் சொன்னார்:
வலக்கை நூறு தரம் அசைந்தால்
இடக்கை பத்தொன்பது தரம்.

எங்கள் மலையில் பதினெட்டு எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரைப் பேர்.
"அப்ப இவளுக்குப் பேர் விழுந்துட்டு மிஸ்" என்றேன்.
மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. சிரித்தார்.
நானும் சிரித்தேன், வேறு எதற்கோ.

பிறகு பேனை முனையால் ஓரிடத்தைத் தொட்டார்.
சனி இரவு, ஏழு பதினான்கிலிருந்து ஏழு நாற்பது வரை
நீலம் எழும்பியிருந்தது. பஸ்ஸில்லை. கவிஷானில்லை.
சிறிய சிறிய அசைவு,
பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து.
"என்ன செய்தா அப்ப?"
கொப்பியில் என் எழுத்து: கரண்ட் இல்லை.
அவ்வளவுதான்.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்,
நெருப்பு வெளிச்சத்தில்.
அவள் உள்ளே, இருட்டில், தனியாக.
பொத்தான்கள் போட்டுவைத்த ஹோர்லிக்ஸ் போத்தல்
அந்தப் பக்கம்தான் இருந்தது.
அதைத் திறக்க ஒரு கை பிடிக்க வேண்டும்,
ஒரு கை திருக வேண்டும்.
"இடக்கை, மிதுஷா, இடக்கை" என்று
விடிந்தது முதல் படுக்கும் வரை சொல்லும் என் வாய்
அந்த இருபத்தாறு நிமிஷம்
புகைக்கு இருமிக்கொண்டிருந்திருக்கும்.

தெரியாது மிஸ், என்றேன்.

பட்டிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
இப்போது சில நாள் ஏழு மணிக்கு
நானே போய் சுவிட்சை அமத்துகிறேன்.
கார்ட் முடிஞ்சிட்டா என்று
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்.
இல்லை என்பேன், ஆமாம் என்பேன்.
அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து
காதை மட்டும் உள்ளே வைத்திருப்பேன்.

நேற்று, கண்ணாடியில் தகரம் உரசியது.
நின்றது. உரசியது.
பொத்தான்கள் சிமெந்துத் தரையில் சிதறின.

எட்டிப் பார்க்கவில்லை. எழுதி வைக்கவில்லை.
ரொட்டி ஒரு பக்கம் கருகும் வாசம் வந்தது.
திருப்பவில்லை.