பதினொன்றாம் எண் டிராம்

ஸாக்ரெப் நகரத்தில் எனக்கு மனப்பாடம்
கழிப்பறைகள்தான்.

ட்சர்னோமெரெட்ஸ் முனையத்தில் ஒன்று. தாழ்ப்பாள் பாதிதான் விழும்.
பிரிட்டன் சதுக்கத்து மருந்துக்கடையில் சாவி கேட்டால்
முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சீருடையை.
குவாட்டர்னிக் சந்தையில் பூ விற்கும் மாந்தா
கேள்வியே கேட்பதில்லை.
மாக்சிமிர் பூங்காவில் ஏப்ரல் வரை பூட்டு.
அப்புறம் டூபெட்ஸ் வரை
பதினேழு நிமிடம்
ஒன்றுமே கிடையாது.

அந்தப் பதினேழு நிமிடத்துக்காக
விடியற்காலை அரை வாழைப்பழம், பால் விடாத தேநீர்.
சில நாள் அதுவும் இல்லாமல் பார்த்தேன்.
காலி வயிறும் அதே ஆட்டம்தான் ஆடியது.

பெருங்குடல் அழற்சி என்றார் டாக்டர் புக்ஷெக்.
திரையில் காட்டினார்:
ஈரமாக, சிவப்பாக ஒரு சுரங்கப்பாதை,
இங்கே புண், இதோ இங்கேயும்.
எனக்குள் இத்தனை வளைவு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.
தண்டவாளம் போட்டவன்
அளவெடுக்காமல் போட்டிருக்கிறான்.
பயத்தால் வந்த நோயில்லை லியெர்கா, என்றார்.
சரி.
ஆனாலும் சிக்னல் சிவப்பில் நிற்கும்போதெல்லாம்
வயிற்றில் புளி கரைகிறதே, அது எதனால்?

மார்ச் மாதம், ஒரு செவ்வாய், எட்டரை மணி.
மாக்சிமிர் தாண்டி இரண்டு நிறுத்தம்.
உள்ளே தொண்ணூறு பேர். என் நெற்றியெல்லாம் வியர்வை.
பிரேக்கைப் போட்டேன், சாவியை உருவினேன்,
எதிரே இருந்த டயர்க்கடைக்குள் ஓடினேன்.

எட்டு நிமிடம்.

திரும்பி வந்தால் பின்னால் மூன்று டிராம்கள் மணியடிக்கின்றன.
"காப்பி குடிக்கப் போனாளாக்கும்" என்றது ஒரு குரல்.
அதுவரை நிறுத்தங்களின் பெயரை மட்டுமே சொன்ன
ஒலிவாங்கியை எடுத்தேன்:
"எனக்குக் குடலில் புண். ரத்தமாகப் போகும்.
வந்தால் அடக்க முடியாது.
அடுத்த நிறுத்தம் டூப்ராவா."

யாரும் வாய் திறக்கவில்லை.
ஒரு பையன் சிரித்தான். அவன் அம்மா காதைத் திருகினாள்.

அந்த வாரத்திலிருந்து
என் அறைக் கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.
தபால்காரருக்கு மூலம்.
வங்கிப் பெண்ணுக்கு நாலு நாளாக வெளிக்கே போகவில்லை.
கோதுமை ஒத்துக்கொள்ளாத ரொட்டிக்கடைக்காரர் ஒருவர்;
அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.
நெஞ்செரிச்சலுக்கு மூன்று தலையணை அடுக்கி
உட்கார்ந்தே தூங்குகிற வக்கீல்.
ஸ்லாவ்கோ என்பவர் தன் பித்தப்பைக் கல்லைச்
சீசாவில் போட்டு எடுத்துவந்து காட்டினார்,
பேரனின் படத்தைக் காட்டுவதுபோல்.

நான் வைத்தியம் தெரிந்தவளா?
ரத்தத்தைப் பார்த்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும்
எல்லாரிடமும் சொல்கிறேன்.
அதற்குள் கதவு மூட நேரமாகிவிடும்.

நேற்று டயர்க்கடைப் பின்கதவில் ஓர் அட்டை தொங்குகிறது:
'வாடிக்கையாளருக்கு மட்டும்.'
கீழே பேனாவில், கோணலாக:
'பதினொன்றாம் எண்ணுக்கும்.'

சாவி எங்கே என்றுதான்
எழுதவில்லை.